பதினேழாம் நம்பர் விடைத்தாள்

ரங்கூனில் ஒரு சீனர் பள்ளிக்கூடம். அதன் ஆங்கில வாத்தியார் குழந்தைவேலு, திருத்திய விடைத்தாள்களைத் தலைமையாசிரியர் லிம்மின் மேசையில் தொப்பென்று போட்டார்.

"இந்த வருஷமும் ஒருத்தனும் தேறல. சீனப் பசங்களுக்கு ஏழு ஜென்மத்துக்கும் இங்கிலீஷ் வராது."

தமிழர்கள் நிறைந்த மொகல் தெருவில் வளர்ந்த லிம், வாத்தியாரைப் பர்மிய வழக்கப்படி 'சயா' என்றழைத்து, தமிழிலேயே கேட்டார்: "எல்லாத்தையும் முழுசாப் படிச்சீங்களா, சயா?"

குழந்தைவேலுவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தாளில் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். ஆனாலும் சீனப் பையன் லட்சணம் தெரிய இரண்டு வரி போதாதா?

கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். "இந்தப் பதினேழாம் நம்பரப் பாருங்க. இலக்கணம் தப்பு. நாலு வார்த்தை சேர்ந்தாப்ல தெரியல. பாடத்தப் படிச்சும் புரியல. பாவம் பாத்து நூத்துக்கு ஒன்பது போட்டேன். இவன மொதல்ல பள்ளிக்கூடத்த விட்டுத் தொரத்துங்க."

"தொரத்திடலாமா?"

"இன்னிக்கே தொரத்துங்க."

லிம் இழுப்பறையிலிருந்து, 1923 என்று தேதியிட்ட பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதே கேள்விகள். சொல்லுக்குச் சொல் அதே விடைகள். கையெழுத்து மட்டும் வேறு.

"மூணு வருஷம் முந்தி, வாத்தியார் வேலைக்கு வந்தவங்களுக்கு நான் வச்ச பரீட்சை இது. அதையேதான் இப்ப பசங்களுக்கும் குடுத்தேன். அன்னிக்கு மொதல் மார்க் வாங்கினவரோட தாள ஒரு பையன விட்டு நகல் எழுத வச்சு, பதினேழாம் நம்பர் போட்டு நடுவுல சொருகி வச்சேன்."

குழந்தைவேலு குனிந்து பார்த்தார். பழைய தாளின் அடியில் அவருடைய கையொப்பம்.

"இன்னிக்கேன்னு நீங்கதான சொன்னீங்க, சயா," என்றார் லிம்.