நாற்றம் எங்கே இருக்கிறது?

நேர்காணலுக்குள் போன மூன்றாவது ஆளும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தான். தேர்வுக்குழுத் தலைவரின் தங்கை மருமகன் அவன். தத்துவம் என்ன விலை என்று கேட்பவன். ஆனாலும் நிரந்தர விரிவுரையாளர் வேலை அவனுக்குத்தான் என்று கல்லூரி முழுக்கப் பேச்சு. வராந்தாவிலேயே வாந்தியெடுத்தான், கண்றாவி.

அடுத்தது அவள். பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவத்தில் முனைவர் பட்டம், அதே கல்லூரியில் பதினோரு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். அடுத்த மாதம் வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் வேறு வாய்ப்பே இல்லை.

அறைக்குள் ஏதோ செத்து அழுகிய நாற்றம். தலைவரும் வெளியிலிருந்து வந்திருந்த நிபுணரும் மூக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பரீட்சை நடப்பதால் மாற்று அறையும் கிடையாது.

"எங்கய்யா செத்துக் கிடக்கு? ஒழுங்கா தேடினியா?" என்று பியூனிடம் எரிந்து விழுந்தார் தலைவர்.

"மூலை முடுக்கெல்லாம் பாத்துட்டேன் சார். ஒண்ணும் சிக்கல," என்றார் பியூன், அலமாரியில் சாய்ந்தபடி. வருடக்கணக்காக அந்த அறையைப் பெருக்குபவர்.

தலைவர் அவளை எரிச்சலோடு பார்த்தார். "எப்பவோ செத்துப்போன தத்துவவாதிங்க சொன்னது இன்னைக்கு எதுக்கும்மா? சட்டுனு சொல்லிட்டுக் கிளம்பு."

"இந்த நாத்தம் எங்க சார் இருக்கு?"

"கேள்வியைப் பாரு! இந்த ரூம்லதான்."

"சளி பிடிச்சவர் வந்தா அவருக்கு இருக்காதே சார்? பொருள்ல இருக்கிறது துகளும் அதோட அசைவும்தான். அது வந்து மூக்குல முட்டும்போது நாத்தம் நமக்குள்ள உண்டாகுது. நிறம், ருசி எல்லாமே அப்படித்தான்னு வாதாடினாங்க அவங்க. செத்துப்போனவங்கதான் சார், இப்ப உங்க மூக்கு வரைக்கும் வந்துட்டாங்க."

நிபுணர் கைக்குட்டையை விலக்கிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "இதைவிட நல்ல பாடம் நான் கேட்டதில்ல. மத்த மூணு பேரும் வாயே திறக்கல. என் கையெழுத்து இந்த அம்மாவுக்குத்தான்."

"யாருக்கோ போட்டுத் தொலைங்க, முதல்ல வெளிய போகலாம்!" தலைவரும் கிறுக்கிவிட்டு ஓடினார்.

அவளுக்குக் கண் கலங்கியது. பதினோரு வருட வயிற்றெரிச்சல் அன்றுதான் அடங்கியது.

பியூன் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, துடைப்பத்தோடு அலமாரிப் பக்கம் நகர்ந்தார்.

"உங்க எலியை எடுத்துடட்டுமாம்மா?"