கெட்டி எண்ணெய்

காய்ந்த ஓடையில் உச்சிவெயில் பாறைகளை வறுக்கிறது. யூகலிப்டஸ் நிழல் எட்டாத இடத்தில் வேட் மல்லாந்து கிடக்கிறான். உடைந்த மூக்கில் ஈ மொய்க்கிறது. அண்ணன் டாரிலின் பாறையேறும் ரிமோட் காரில், போட்டிக்கு முன் குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் எண்ணெயை மாற்றித் தண்ணீர்போல் நீர்த்த எண்ணெயை ஊற்றிவைத்தவன் அவன்தான். கார் துள்ளித் துள்ளி உருண்டு விழுந்தது. மூக்கை உடைத்த அதே விரல்களால் டாரில் இப்போது சுண்டுவிரல் நீள ஷாக் அப்சார்பர் குழாயில் கெட்டி எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுகிறான். கடைசிக் காற்றுக்குமிழி உடையும்வரை காத்திருந்து, மூடியைத் திருகி, மாட்டி, காரைத் தம்பியின் முழங்காலில் ஏற்றுகிறான். அது தொடையைக் கடந்து, வயிற்றில் ஊர்ந்து, நெஞ்சின்மேல் நிற்கிறது. “வெளையாட்டுக்குத்தான்டா ஊத்துனேன்…” வேட் விம்முகிறான். நெஞ்சு தூக்கிப் போடுகிறது. சக்கரங்கள் மட்டும் ஏறி இறங்குகின்றன. காரின் உடல் அசையவில்லை. டாரில் குனிந்து பார்க்கிறான். “இன்னும் அழுடா. காரு ஆடுதான்னு பாக்கணும்.”