வெறுங்கால்

மூச்சை அடக்கிக்கொண்டு தட்டியோடு ஒட்டி நின்றாள்.

பறவை பார்ப்பவர்களுக்காகக் கட்டிய மூங்கில் தட்டி அது. முன்பக்கம், ஆறு அகன்று தேங்கும் கோரைக்காடு. பின்பக்கம், மூங்கில் இடுக்கு வழியாக, நடைபாதை.

அவள் பறவைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

மரகதம் அக்கா வந்துகொண்டிருந்தார்.

இந்த இரண்டு வாரமாக விடியும்போதே வந்து, அக்கா வருவதற்குள் திரும்பிவிடுவாள். இன்றைக்குத் தூங்கிவிட்டாள்.

இருவருக்கும் அடுத்தடுத்த தெரு. பழகியது இந்தப் பாதையில்தான். மேடு பள்ளம் இல்லாத பாதை. யாரும் நடக்கலாம்.

யாரும் கூட வரலாம்.

நாளில் அந்த அரைமணி நேரம்தான் அவளுக்கென்று இருந்தது. அதில் அக்கா வந்து சேர்ந்துகொண்டார். புதருக்குப் புதர் நின்றார். இறந்துபோன கணவரைப் பற்றிச் சொன்னதையே சொன்னார். அரைமணியில் பாதிப் பாதைகூடத் தாண்டவில்லை.

என்னோடு வராதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

பொய் வந்தது.

வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறேன், கொஞ்ச நாளைக்கு நடக்க வரமாட்டேன் என்றாள். அவள் அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனபோது அவர் மொட்டைமாடியில் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அக்கா இரண்டு முறை போன் செய்தார். அவள் எடுக்கவில்லை.

தட்டிக்குப் பக்கத்திலேயே பேச்சுக் குரல் கேட்டது. எதிரே வந்த தொப்பிக்காரர் அக்காவை நிறுத்தியிருந்தார்.

"ஏனுங்கம்மா, செருப்பு எங்கீங்க?"

"வேண்டுதலுங்க."

"பேரன் பரிச்சைக்கா?"

"நம்மகூட நடக்க வருவாளே, அந்தப் பொண்ணு. அவ வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலிங்க. அவரு எந்திரிச்சு நடமாடற வரைக்கும் காலுக்கு ஒண்ணும் போடறதில்லைன்னு மாரியாத்தாகிட்டச் சொல்லிட்டேன்."

"நல்லா சொன்னீங்க. சர்க்கரைய வெச்சுக்கிட்டு சரளைக்கல்லுல நடக்கறீங்க. சொந்தத் தங்கச்சிகூட இப்படிப் பண்ணமாட்டாளுங்க."

"கல்லு குத்தறதே எனக்குத் தெரியறதில்லீங்க. அதுவும் ஒரு வசதிதான்."

அக்காவே சிரித்தார். தொப்பிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

இடுக்கு வழியாகக் கால்கள் மட்டும் தெரிந்தன. டாக்டர் சொல்லி வாங்கிய மெத்தென்ற செருப்பு இல்லாத கால்கள். வீங்கிய விரல்கள். வெடிப்பில் மண்.

கால்கள் சரளையைக் கடந்து பலகைப் பாலத்தில் ஏறின.

வெளிறிய பலகையில், இடது கால் எடுத்து வைத்த இடமெல்லாம் சிவப்பாக ஒரு திட்டு.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இப்படியே நின்றால் போய்விடுவார்.

அந்த நினைப்பு எவ்வளவு சுலபமாக வந்தது என்பதில்தான் அவளுக்கு உடம்பு கூசியது.

தட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

"அக்கா!"

அக்கா திரும்பினார். முகம் மலர்ந்தது. உடனே பயந்தது.

"என்ன கண்ணு, இங்க நிக்கற? அவரு...?"

"அவருக்குச் சரியாயிருச்சுக்கா. நல்லா இருக்காரு. நீங்க மொதல்ல செருப்பைப் போடுங்க."

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தாள். ஒரு பொய்யால் கழன்ற செருப்பு இன்னொரு பொய்யால் காலுக்கு ஏறிவிடும் என்று நினைத்தாள்.

அக்கா கைகளைத் தலைக்கு மேல் கூப்பினார். கண் நிறைந்துவிட்டது.

"ஆத்தா கண்ணத் தொறந்துட்டா. அப்ப இந்தச் செவ்வாக்கெழமயே போயிடறேன். கோயில் வரைக்கும் வெறுங்காலோட நடந்து, அவகிட்டச் சொல்லிட்டுத்தான் இனி செருப்பு."

"வேண்டாங்க்கா."

"சும்மா இரு. வரம் வாங்கறப்ப மட்டும் ஓடிப்போயி நின்னாப் போதுமா?"

கோயில் ஆற்றுக்கு அந்தப் பக்கம். முழுக்கத் தார் ரோடு. செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் வரிசை நகர உச்சி வெயில் ஆகிவிடும்.

வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலியே வரவில்லை. இந்தக் காலைச் செருப்புக்குள் திரும்பக் கொண்டுபோக அந்த ஒரு வாக்கியம்தான் வழி. சொன்னால், அந்தப் பொய் எதற்கு என்று அக்கா கேட்பார். உங்களோடு நடக்கப் பிடிக்காமல்.

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், சொந்த வீட்டு நல்ல சேதி கேட்டவரைப் போல.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாது.

காயத்தையாவது பார்க்கலாம் என்று பலகையில் மண்டியிட்டாள். துப்பட்டா நுனியை எடுத்துக்கொண்டு இடது காலுக்குக் குனிந்தாள்.

"ஐயோ, எந்திரி கண்ணு. என் கால்ல போயி விழற. நானெல்லாம் ஆசீர்வாதம் பண்ணக்கூடாது. உனக்குத் தெரியாததா?"

அவள் எழவில்லை.

அக்கா பாதையில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் யாராவது வருகிறார்களா என்று பார்த்திருக்க வேண்டும்.

பிறகு அவள் உச்சந்தலையில் ஒரு கை வந்து இறங்கியது. இளஞ்சூடாக.

"தீர்க்க சுமங்கலியா இரு."

குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. இப்போது சொல்லிவிடலாம். கையை எடுத்ததும் சொல்லிவிட வேண்டும்.

பலகையில் சிவப்பு மெல்லப் பரவியது.

அக்கா கையை எடுக்கவில்லை.