சரியாண்டி

"சரின்னு போட்ட கைய ஒடிக்கணும்" என்று முணுமுணுத்தபடியே கூடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கினாள் ஜோதிலட்சுமி.

தேனியில் அவளுக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. மீதி நேரமெல்லாம், போன் திரையில் இருக்கிற தமிழைக் கண் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லும் இலவச மென்பொருளுக்குத்தான். பல ஊர் ஆட்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து செய்வது அது. புதுப் பதிப்பை எப்போது வெளியே விடலாம் என்று பார்ப்பது அவள் பொறுப்பு.

சோதிக்கிற ஆட்கள் இரண்டு பேர். இருவரும் தங்கள் போனில் ஓட்டிப் பார்த்து, குழுவில் 'சரி' என்று எழுதினால்தான் பதிப்பு வெளியே போகும். மூன்று தடவை பதில் போடாதவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்த விதியை மாதாமாதம் ஜோதியே குழுவில் எழுதிப் போடுவாள்.

பழைய போன்களில் சோதிப்பது கூடலூர் சுருளியாண்டியின் வேலை. யாரும் அவனை நேரில் பார்த்ததில்லை. முன்பெல்லாம் ஒரு பக்கத்துக்குக் குறை எழுதுவான். ஒரு வருஷமாக ஒற்றைச் சொல்தான்: 'சரி'. ஒருமுறை 'சறி' என்றுகூட வந்தது. குழுவில் அவனுக்குச் 'சரியாண்டி' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

போன வாரம் அவன் சொன்ன 'சரி'யை நம்பி விட்ட பதிப்பு, நூறு பழைய போன்களை ஊமையாக்கிவிட்டது. "எனக்கு ரெண்டாந்தடவையா கண்ணு போச்சும்மா" என்று வடுகபட்டிக்காரர் ஒருவர் போனில் அழுதார். அந்த அழுகைதான் அவளை இங்கே இழுத்துவந்தது.

அவன் வீட்டை விசாரித்துப் போனபோது, ஏலக்காய்த் தோட்டத்துக் கூலி ஜீப்பிலிருந்து இறங்கி வந்த மொக்கம்மாள் அப்போதுதான் வாசலில் தூக்குவாளியை வைத்தாள்.

"ஏங்கம்மா, சுருளியாண்டி வீடு இதானா?"

"எம் மகந்தான். நீங்க எங்கிட்டிருந்து வர்றீக தாயி?"

"தேனியில இருந்து. உங்க மகனால நூறு பேருகிட்ட ஏச்சு வாங்கிட்டு வர்றேன். பொண்ணு பாக்கப் போனாக்கூட ரெண்டு நாள் கழிச்சுத்தான் சரிம்பாக. உங்க மகன் ரெண்டே நிமிசத்துல சரிங்கிறாரு!"

மொக்கம்மாள் சிரிக்கவில்லை. "யாருக்கும் எதும் ஆயிருச்சா?"

"கண்ணு தெரியாதவுக தவிச்சுப் போயிட்டாக. அவரக் கூப்புடுங்க, நாலு வார்த்த கேட்டுட்டுப் போறேன்."

"அவன் இப்ப வரமாட்டான்."

"எப்ப வருவாரு?"

"தண்ணி குடிக்கிறீகளா தாயி?"

ஜோதிக்குச் சுர்ரென்று ஏறியது. பயல் உள்ளே ஒளிந்துகொண்டு ஆத்தாளைப் பேச விடுகிறான். நின்ற இடத்திலேயே போனை எடுத்து அவனுக்கு எழுதினாள்: 'பேரை எடுக்கப் போறேன். உங்க வாசல்லதான் நிக்கிறேன்.'

மொக்கம்மாளின் இடுப்புச் சுருக்குப்பைக்குள் 'டிங்' என்றது.

அவள் அவசரமாகத் திரும்பி நின்றுகொண்டு, கண்ணாடி விரிசல் விட்ட ஒரு போனை வெளியே எடுத்தாள். விரலை வைத்து, உதடு அசைய எழுத்துக் கூட்டினாள். "பே… ரை…" அதற்குமேல் ஓடவில்லை. கறை ஏறிய பெருவிரலால் எதையோ ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

ஜோதியின் போனில் பதில் வந்து விழுந்தது: 'சரி'.

"ஆத்தா… இத்தன நாளும் நீங்களா?"

மொக்கம்மாள் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தோட்டத்து வாடை அடித்தது. "பதிலு போடலன்னா பேர எடுத்துருவாகன்னு பக்கத்துப் பிள்ள படிச்சுச் சொல்லுச்சு. இனிமே நல்லாப் பாத்துப் போடுறேன் தாயி. யாருகிட்டயாச்சும் கேட்டுக்கிட்டுப் போடுறேன். அவன் பேர மட்டும் எடுத்துறாதீக."

"அவரு எங்க ஆத்தா? அவரு வந்து ஒரு வார்த்த சொல்லட்டும், நான் எடுக்கல."

பிடித்த கை இன்னும் இறுகியது.

"செத்தவன் பேருன்னு ரேசன் கார்டுலயே எடுத்துட்டாக தாயி."