தொண்ணூறு நாள் விரல்

உப்பு ஃபேக்டரியில் தொண்ணூறு நாள் இன்டர்ன்ஷிப் முடிக்காவிட்டால் டிப்ளமோ கிடையாது என்றது காலேஜ். சம்பளம் இல்லை, உட்கார ஸ்டூலும் இல்லை. பதினோரு நாளிலேயே மரக்காணத்து உப்பு மொத்தமும் சேர்ந்து சூர்யகலாவின் கட்டைவிரல் ரேகையைத் தின்று தீர்த்துவிட்டது. அந்த வழுக்கை விரலை அட்டெண்டன்ஸ் மெஷினில் வைத்தாள். தொண்ணூறு நாளும் முடிந்ததாகக் காட்டியது.

"பதினொண்ணுதானே சார் ஆச்சு?"

"வெளையாடுறியா? மூணு மாசமா வாயே தொறக்காம வேல செஞ்சியே! கெளம்பும்மா," என்று இன்டர்ன்ஷிப் முடித்த லெட்டரை நீட்டினார் சூப்பர்வைசர் காசிலிங்கம்.

கேட்டருகே திரும்பிப் பார்த்தாள். அவள் மேஜை முன்னால் அவளே நின்று உப்புப் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தாள். "போடி, போடி" என்று கையை ஆட்டினாள்.

அப்பாடா! சூர்யகலா பஸ் ஏறி, இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்தாள்.