எமோர்கே

"நாடு முழுக்க ஒரே ஒருத்திக்குத்தான் இந்தப் பேரு இருக்கு மேடம். எம் பொண்ணுதான் ரெண்டாவது!" பிறப்புப் பதிவு அலுவலகத்தில் கெர்கெய் நெஞ்சை நிமிர்த்தினார்.

பெண் பதிவாளர் அரசு அனுமதித்த பெயர்ப் பட்டியலைப் புரட்டினார். 'எமோர்கே' இருந்தது.

"அர்த்தம் தெரியுமா?"

"குதிரையில வந்து ஹங்கேரியப் பிடிச்ச தலைவனோட மக பேரு. ஆயிரம் வருஷப் பழசு. பட்டியல்லயே போட்டிருக்கே!"

"அது தன் பொண்ணுக்கு இந்தப் பேரு வைக்க ஒருத்தர் எழுதிக் குடுத்த கதை சார். பழைய பேருன்னு சொன்னாத்தானே கமிட்டி அனுமதிக்கும்?"

"அப்போ நிஜத்துல யாரு பேரு?"

"அவர் வளர்த்த பன்னியோடது. அது கண்காட்சியில முதல் பரிசு வாங்குன அன்னிக்குத்தான் அவருக்குப் பொண்ணு பொறந்துச்சு."

"சும்மா அளக்காதீங்க மேடம். எழுதுங்க!"

பதிவாளர் எழுதி, கையெழுத்திட்டு, சான்றிதழை நீட்டினார். கெர்கெய் பெருமையோடு கடைசி வரி வரை படித்தார்.

'பதிவாளர்: வெரெபெய் எமோர்கே.'