வளையலில்லாத கை

இராஜாங்கத்தின் மூக்கையும் வாயையும் மூடிய முகமூடிக்குள் இயந்திரம் உஸ்ஸென்று காற்றைத் தள்ளுகிறது. இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்துவிட்டதென்று காலையில்தான் பூதலூரிலிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தார்கள். “பழகுற வரைக்கும் கையால புடிச்சிக்குங்கம்மா, அப்புறம் பட்டை போட்டுடலாம். ஒத்துக்கலன்னா தொண்டையில குழாய்தான்,” என்கிறாள் நர்ஸ். மனைவி தையல்நாயகியின் வளையல் காதோரம் குலுங்கியபோதெல்லாம் முகமூடியைப் பிடுங்கி எறிந்த மனுஷன், தங்கை வேம்புவின் கைக்கு அடங்கிக் கண்மூடிக் கிடக்கிறார். “இழுத்துக்கண்ணே... அதுபாட்டுக்கு வரும்.” ஜன்னல் வெயில் வேம்புவின் வெறும் மணிக்கட்டில் விழுகிறது, புருஷன் போனதிலிருந்து அதில் வளையல் இல்லை. கால்மாட்டில் நிற்கும் தையல்நாயகி அந்த மணிக்கட்டையே பார்க்கிறாள். இத்தனை வருஷம் ஆக்கிப் போட்ட கை தட்டிவிடப்பட்ட கையாகி நிற்கிறது. “கை மரத்துப்போச்சு அண்ணி, செத்த புடிங்க. நீங்கன்னு தெரிஞ்சா தட்டிவிட்டுடப் போறாரு.” தையல்நாயகி கண்ணாடி வளையல்களை முழங்கைப் பக்கமாக ஏற்றி, சத்தம் வராதபடி முந்தானையால் இறுக்கிச் சுற்றுகிறாள். வேம்பு பிடித்த மாதிரியே லேசாகப் பிடிக்கிறாள். மூச்சு சீராக ஏறி இறங்குகிறது. கண் திறக்காமலே அவர் விரல்கள் எழுந்து அவளுடைய வெறும் மணிக்கட்டைத் தடவுகின்றன. முகமூடிக்குள்ளிருந்து மங்கலாக ஒரு குரல்.

“வேம்பு...”

“ம்,” என்கிறாள் தையல்நாயகி.